கைவிலங்கு யாருக்கு? - சட்டத்தில் உள்ள ஒரு வரியின் கதை

தமிழ் சினிமாவின் கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சண்டை எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் ஜீப் வரும். வில்லன் இரண்டு கைகளையும் நீட்டுவான், இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டுவார். சில படங்களில் தப்பே செய்யாத கதாநாயகனுக்கும் விலங்கு மாட்டித் தெருவழியே கூட்டிக்கொண்டு போவார்கள். அம்மா கதறுவார், ஊரே வேடிக்கை பார்க்கும். இதைப் பார்த்துப் பார்த்து, கைது என்றாலே கைவிலங்குதான் என்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது.

சட்டம் அப்படிச் சொல்கிறதா? இல்லை. சட்டம் சொன்னது ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அது எப்படி வந்தது, யார் அதற்கு உயிர் கொடுத்தார்கள், 2024-இல் அதன் பக்கத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதற்கும் கூடங்குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, கடைசியில் புரியும்.

அந்த ஒரு வரி

1898-ஆம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 50-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. கைது செய்யப்பட்டவர் தப்பி ஓடாமல் இருக்க எவ்வளவு கட்டுப்பாடு தேவையோ, அதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. அவ்வளவுதான் பிரிவே! சுதந்திர இந்தியா 1973-இல் புதிய நடைமுறைச் சட்டம் எழுதியபோது இதே வரி 49-வது பிரிவாக வந்தது. 2023-இல் எழுதப்பட்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 46-வது பிரிவாக அப்படியே இருக்கிறது. எண் மாறியது, வரி மாறவில்லை.

இந்த வரியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆள் என்ன குற்றம் செய்தான் என்று அது கேட்கவே இல்லை. ஓடிவிடுவானா என்று மட்டும்தான் கேட்கிறது. கொலை வழக்கில் கைதான எழுபது வயதுப் பெரியவர் ஓட மாட்டார் என்றால் விலங்கு தேவையில்லை. சைக்கிள் திருடியவன் இரண்டு முறை போலீஸ் பிடியிலிருந்து ஓடியவன் என்றால் தேவைப்படலாம்.

தப்பி ஓடுவது என்பது போலீஸார் கற்பனையாகச் சொல்லும் பயம் அல்ல. திருநெல்வேலிச் சீமைக்கு இது நன்றாகவே தெரியும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு, அவர் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர்கள் சிறையிலிருந்து தப்பினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்தது, ஒரு போரே நடந்தது. நமக்கு அது வீர வரலாறு. காவலில் இருந்தவனுடைய இடத்தில் நின்று பார்த்தால் வேலையே போகிற விஷயம். ஆக, காவலில் இருப்பவர் ஓடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு போலீஸுக்கு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஓடாதவரையும் கட்டும்போதுதான்.

1908, திருநெல்வேலி

வ.உ.சிதம்பரம் பிள்ளை ஓடி ஒளிந்தவர் அல்லர். 1908 மார்ச் 12-ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் விஞ்ச்சைப் பார்க்கப் போன இடத்தில்தான் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அவர் மேல் போடப்பட்டது இந்திய தண்டனைச் சட்டம் 124-ஏ, அதாவது ராஜத்துரோகம். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரை சிறையில் இருந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்றைக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

கப்பல் கம்பெனி நடத்திய ஒரு வக்கீலை மாடு மாதிரி செக்கில் கட்டியதற்கு அவர் ஓடிவிடுவார் என்பது காரணம் இல்லை. இனிமேல் எவனும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்குத்தான். கட்டுப்பாடு என்பது பாதுகாப்பு என்ற எல்லையைத் தாண்டி அவமானம் என்ற எல்லைக்குள் போகும் இடம் இது. ராஜத்துரோகம், 124-ஏ, திருநெல்வேலி மாவட்டம்... இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தந்தி வந்தது

சுதந்திரம் வந்த பிறகும் போலீஸ் விதிகள் பழையபடியே இருந்தன. உதாரணத்துக்கு, டெல்லியில் அமலில் இருந்த பஞ்சாப் போலீஸ் விதிகளைப் பார்க்கலாம். ஜாமீன் கிடைக்காத, மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் விசாரணைக் கைதிக்கு விலங்கு. ஆனால் வசதியும் அந்தஸ்தும் உள்ள 'உயர் வகுப்பு'க் கைதி என்றால் அவருக்குச் சலுகை! குற்றம் ஒன்றுதான், கை மட்டும் வேறு வேறு.

டெல்லி திகார் சிறையில் பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி இருந்தார். அவர் மகாத்மா ஒன்றும் இல்லை. பல மாநிலங்களில் மோசடி செய்தவர், தப்பிக்கப் பார்ப்பவர் என்பது போலீஸ் தரப்பின் வாதம். தேவையில்லாமல் விலங்கு போடக்கூடாது என்று விசாரணை நீதிமன்றம் சொல்லியும் ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்கு விலங்கோடுதான் கொண்டுபோனார்கள். அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு தந்தி அடித்தார். அந்தத் தந்தியையே மனுவாக ஏற்றுக்கொண்டது நீதிமன்றம்.

1980 ஏப்ரல் 29-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்தவர். 1948-இல் ஒரு மாதம் போல சிறையில் இருந்தவர். 1957-இல் கேரளாவின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சிறைத் துறையையும் கவனித்தவர். கைதியாகவும் சிறை அமைச்சராகவும் இருந்த ஒருவர் கைவிலங்கைப் பற்றித் தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும்?

அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான். கைவிலங்கு என்பது பார்த்த மாத்திரத்திலேயே மனிதத்தன்மை இல்லாத செயல். அதைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் மட்டும் பயன்படுத்தலாம். குற்றத்துக்குத் தண்டனை பெரியது என்பது காரணம் ஆகாது. கூடப் போகிற வழிக்காவல் போலீஸாரின் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற மற்ற வழிகளை முதலில் பார்க்க வேண்டும். விலங்கு போட்டால் ஏன் போட்டோம் என்று அப்போதே எழுதி வைக்க வேண்டும், அதை நீதிபதியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பணக்காரக் கைதி, ஏழைக் கைதி என்ற பாகுபாடு செல்லவே செல்லாது. அரசியல் சட்டத்தின் 14, 19, 21 ஆகிய மூன்று பிரிவுகளையும் வைத்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு இது.

இதற்கு இரண்டு வருடம் முன்பே, 1978 ஆகஸ்டில், சுனில் பத்ரா வழக்கில் சிறைக்குள்ளே கால்விலங்கு பூட்டுவதற்கும் இதே நீதிமன்றம் கடிவாளம் போட்டிருந்தது. அந்த வழக்கில் காலில் இரும்புக் கம்பி விலங்கோடு மாதக்கணக்கில் கிடந்தவர் யார் தெரியுமா? சார்லஸ் சோப்ராஜ்! உலகமே தேடிய ஆசாமி. அவருக்கே, சிறை அதிகாரி நினைத்தபடி எல்லாம் காலவரையின்றி விலங்கு போட முடியாது என்றது கோர்ட். உரிமை என்பது நல்லவர்களுக்கு மட்டும் என்றால் அதற்குச் சட்டம் எதற்கு?

தீர்ப்பு ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம்

தீர்ப்பு வந்தால் எல்லாம் மாறிவிடுமா? மாறவில்லை என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

ஒன்று, குஜராத் மாநிலம் நடியாத். 1989 செப்டம்பரில் அந்த ஊரின் தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டையே போலீஸார் பிடித்து, விலங்கு மாட்டி, கயிற்றால் கட்டி, போட்டோ வேறு எடுக்க வைத்தார்கள். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் கூலித் தொழிலாளிக்கு? 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் போலீஸாரை நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டித்தது.

இரண்டு, மகாராஷ்டிரா. ஒரு விசாரணைக் கைதியை விலங்கிட்டு, கைகளைக் கயிற்றால் கட்டி, தெருத்தெருவாக ஊர்வலம் கொண்டுபோனார்கள். அதற்காக 10,000 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 1991-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, பணத்தை மட்டும் இன்ஸ்பெக்டருக்குப் பதில் அரசு தரவேண்டும் என்று சொன்னது.

மூன்று, அசாம். குவாஹாட்டி ஆஸ்பத்திரியில் தடா கைதிகள் ஏழு பேரைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார்கள், போதாததற்குக் கயிறும். வாசலிலே காவல், ஜன்னலிலே கம்பி, படுக்கையிலே நோயாளி! அதை நேரில் பார்த்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 1995-இல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் சிறையிலிருந்து கோர்ட்டுக்கோ, ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கோ விலங்கிட்டுக் கொண்டுபோகக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது.

ஆக, 1995 வாக்கில் சட்டம் தெளிவாகிவிட்டது. கேள்வி: ஓடிவிடுவாரா? பதில் சொல்ல வேண்டியவர்: போலீஸ். பதிலைச் சரிபார்க்க வேண்டியவர்: மாஜிஸ்திரேட்.

கூடங்குளம், இடிந்தகரை

இப்போது மறுபடி திருநெல்வேலி மாவட்டத்துக்கு வருவோம். ராதாபுரம் தாலுகாவில் உள்ளது கூடங்குளம். பக்கத்திலேயே இடிந்தகரை, மீனவ கிராமம். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது இங்குள்ள அணுமின் நிலையம். 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்தது. அதே ஆண்டு இரண்டாம் பாதியில் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன்னால் உண்ணாவிரதப் பந்தல் எழுந்தது. 2012 செப்டம்பர் 10-ஆம் தேதி கடற்கரையில் கூடிய மக்கள் மேல் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. அன்றே தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். இங்கே பார்க்க வேண்டியது எஃப்.ஐ.ஆர். கூடங்குளம் போலீஸ் ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குகள் பதிவாயின. என்ன பிரிவு? 121, அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். 124-ஏ, ராஜத்துரோகம். ஆமாம், வ.உ.சி. மேல் போட்ட அதே 124-ஏ! நூறு வருடத்துக்குப் பிறகு, அதே மாவட்டத்தில், வலை பின்னுகிறவர்கள் மேலும் பீடி சுற்றுகிற பெண்கள் மேலும்.

2013 மே 6-ஆம் தேதி அணு உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மேல் உள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பகுதியில் அமைதி திரும்பும் என்று சொன்னது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் 124-ஏ பிரிவையே நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது. சரி, கதை சுபமாக முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை.

பட்டியல் வந்தது

2024 ஜூலை 1-ஆம் தேதி மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. தண்டனைச் சட்டத்தில் 'ராஜத்துரோகம்' என்ற சொல் போய்விட்டது. அதற்குப் பதில் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல் என்று 152-வது பிரிவு வந்தது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். அது இருக்கும் அத்தியாயத்தின் பெயர், அரசுக்கு எதிரான குற்றங்கள்.

நடைமுறைச் சட்டத்திலோ 43-வது பிரிவின் 3-வது உட்பிரிவு புதிதாக வந்தது. குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் மனதில் கொண்டு, கைது செய்யும்போதும் கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போதும் போலீஸ் அதிகாரி கைவிலங்கு பயன்படுத்தலாம் என்கிறது அது. யார் யாருக்கு? திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர். இவை இரண்டும் ஆளைப் பற்றியவை, பழைய கேள்விக்கு ஒத்துவருபவை. அதன்பின் வருவது குற்றங்களின் பட்டியல். திட்டமிட்ட கூட்டுக் குற்றம், பயங்கரவாதம், போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, கள்ளநோட்டு, ஆள் கடத்தல் வியாபாரம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், கடைசியாக... அரசுக்கு எதிரான குற்றம்.

2023 ஆகஸ்டில் வந்த முதல் மசோதாவில் இந்தப் பட்டியலில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழு அதை எடுக்கச் சொன்னது, டிசம்பரில் வந்த திருத்திய மசோதாவில் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். ஆனால் விளைவைக் கவனியுங்கள். கணக்கில் கோடிகளைச் சுருட்டியதாகக் கைதாகும் கம்பெனி முதலாளி பட்டியலில் இல்லை. தன் ஊர்க் கடற்கரையில் உட்கார்ந்து கோஷம் போட்டதற்காக 'அரசுக்கு எதிரான குற்றம்' என்று எஃப்.ஐ.ஆர். போடப்படுகிற மீனவர் பட்டியலில் இருக்கிறார். பஞ்சாப் போலீஸ் விதியின் 'உயர் வகுப்பு'க் கைதி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது போலத் தெரியவில்லையா?

இன்னொன்று. இத்தகைய குற்றம் 'செய்தவர்' என்கிறது பிரிவு. கைதாகும் நேரத்தில் யார் குற்றம் செய்தவர், யார் செய்யாதவர் என்பது யாருக்குத் தெரியும்? அது தெரிவதற்குத்தானே வழக்கே நடக்கிறது! அந்த நேரத்தில் கையில் இருப்பது எஃப்.ஐ.ஆர். மட்டும். எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போடுவது என்பதை முடிவு செய்வதும் போலீஸ், விலங்கு போடுவதும் போலீஸ். 2012-இல் ஒரு கிராமத்துக்கே 121-உம் 124-ஏ-வும் போட முடிந்தது என்பதை மறக்கக் கூடாது. 43(3) அப்போது இருந்திருந்தால் இடிந்தகரையின் எத்தனை கைகள் இந்தப் பட்டியலுக்குள் வந்திருக்கும்?

போலீஸ் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கொலை வழக்குக் கைதியை இரண்டு ஏட்டுகள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள். அவன் ஓடினால் சஸ்பெண்ட் ஆவது அந்த ஏட்டுகள்தான், மேலதிகாரி இல்லை. ஆட்கள் பற்றாக்குறை உண்மை. ஆனால் அதற்கும் 1980 தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது. தேவை என்றால் காரணத்தை எழுதிவிட்டு விலங்கு போடுங்கள் என்றுதான் அது சொன்னது. ஒரு தாளில் நாலு வரி எழுதுவது பெரிய பாரமா?

சரி, இப்போது எது சட்டம்?

இரண்டும்தான். 43(3) 'பயன்படுத்தலாம்' என்கிறது, 'பயன்படுத்த வேண்டும்' என்று சொல்லவில்லை. தேவைக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்ற பழைய வரியும் அதே சட்டத்தில் 46-வது பிரிவாக உயிரோடு இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நின்றது அரசியல் சட்டத்தின் மேல், அதைச் சாதாரணச் சட்டம் ஒன்று அழித்துவிட முடியாது. ஆகவே பட்டியலில் உள்ள குற்றம் என்றாலும், ஏன் விலங்கு போட்டீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அந்த மாஜிஸ்திரேட் கேட்கவில்லை என்றால்? அங்கேதான் எல்லாமே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் மாஜிஸ்திரேட்டால் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் இறந்தார்கள். காயங்கள் இருந்தன, பார்க்க வேண்டிய கண் பார்க்கவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் கைதிகளின் போட்டோக்களைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. விலங்கு இல்லாத கையில் மாவுக்கட்டு இருந்தால் அது முன்னேற்றம் ஆகுமா?

உலகத்திலும் இந்த விவாதம் ஓயவில்லை. கைதிகள் பற்றிய ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் 2015-இல் வந்தன. கட்டுப்படுத்தும் கருவிகள் வேறு வழி இல்லாதபோது மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் என்கின்றன அவை. 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் அமிர்தசரஸுக்குத் திருப்பி அனுப்பியது. கையிலும் காலிலும் விலங்கு! நாடாளுமன்றமே கொந்தளித்தது. பறக்கிற விமானத்தில் இருந்து எங்கே ஓடப்போகிறார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். சரியான கேள்வி. 1898-இன் அந்த ஒரு வரி கேட்பதும் இதே கேள்வியைத்தான். அமெரிக்காவைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த நமக்கு, வள்ளியூர் கோர்ட் வாசலில் இறங்குகிற கைதியைப் பார்த்தும் அதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்த யாராவது விலங்கோடு கோர்ட்டுக்கு வந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் வாய் திறந்து அதைச் சொல்லச் சொல்லுங்கள். காரணம் எழுதியிருக்கிறதா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று ஒரு கைதி கேட்டது ஒரு தந்தியில்தான். அதனால்தான் இந்த அளவுக்காவது வந்திருக்கிறது.